நாடக நோட்டீஸுக்காக ஒரு மாடி ஏறலாம்: நெல்லை டவுன் சேகரிப்பு எப்படி?

நெல்லை டவுனில் ஒரு அண்ணாச்சி மாடியில் சேர்த்து வைத்திருக்கும் பழைய நாடகப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் (நாடகத்துக்கு அடித்த விளம்பரத் தாள்கள்) பற்றியது இது. புத்தகம் பார்க்க என்றால் அங்கே போக வேண்டாம், நோட்டீஸ் பார்க்க என்றால் கட்டாயம் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்விப்பட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் பைண்டு பண்ணி வரிசையாக நிற்கும் பழைய நாடகப் புத்தகங்களைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவிட்டு, மதியம் அடைக்கிற நேரத்தில் "நோட்டீஸும் இருக்காமே அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். அதற்குள் அண்ணாச்சி சாவியைக் கையில் எடுத்திருப்பார்.

இடம் திருநெல்வேலி டவுன், ரதவீதியை ஒட்டிய ஒரு சந்து, பழைய வீட்டின் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. பெயரைப் போடக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்: "பேரு, போன் நம்பர் ஒண்ணும் போட்டுறாதீங்க தம்பி, பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள வேன் வச்சுக் கூட்டிட்டு வந்துருவாவ, என் மாடி தாங்காது." ஆகவே போடவில்லை. டவுனில் பழைய புத்தகம், பழைய பேப்பர் எடுக்கிற கடைகளில் "நோட்டீஸ் அண்ணாச்சி" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

பார்ப்பதற்குக் காசு இல்லை. அவர் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தால் பக்கத்துக்கு 20 ரூபாய், பெரிய நோட்டீஸ் என்றால் 50. நாமே போனில் எடுத்துக்கொண்டால் இலவசம், ஃபிளாஷ் மட்டும் கூடாது. ஜிபே உண்டு. ஏறினதும் அந்துருண்டை வாசம் ஆளைத் தள்ளும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். சுவரில் கையெழுத்தில் ஒரு அட்டை: "அல்வா தின்ன கையோடு காகிதத்தைத் தொடாதீர்கள்." தமாஷுக்கு எழுதியது இல்லை. நெய் பட்ட காகிதத்தில் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிய ஆரம்பித்துவிடும், அப்படிக் கெட்டுப்போன ஒன்றை உதாரணம் காட்டுவதற்கென்றே தனியாக வைத்திருக்கிறார்.

புத்தகத்துக்காகப் போக வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அலமாரியில் இருப்பதில் முக்கால்வாசி வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்கும். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இரண்டும் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் இருக்கின்றன, தேடு பெட்டியில் ஊர்ப் பெயரைப் போட்டே தேடலாம். இதை யாரும் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். சண்முகம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தது 1918-இல், ஆறு வயதில். அதற்குப் பிறகு கம்பெனி எந்த ஊரில் கொட்டகை போட்டது, எங்கே வசூல் இல்லாமல் முடங்கியது என்று ஊர் ஊராக எழுதிக்கொண்டே போகிறார். நம் பக்கத்து ஊர்களைத் தேடிப் பாருங்கள், மாடி ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் இதுதான். பழைய நாடகப் பிரதிகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் இருக்கிறது. 'மனோன்மணீயம்' மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் இருக்கிறது. சும்மா சொல்லி வைக்கிறேன், 1891-இல் வந்த அந்த நாடகத்தில் ஜீவக வழுதி மதுரையை விட்டுவிட்டுத் தலைநகரைத் திருநெல்வேலிக்கு மாற்றிக் கோட்டை கட்டுகிறான். எழுதிய சுந்தரம் பிள்ளை நம் இந்துக் கல்லூரியோடு தொடர்புள்ளவர், அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான். ஆனால் அது படிக்கிற நாடகம். தரை டிக்கெட் வாங்கி விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற நாடகம் வேறு உலகம், இந்த மாடியில் இருப்பது அந்த உலகம்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம்.

ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சைக் காகிதங்கள். சில முழங்கை நீளம், சில உள்ளங்கை அகலம். பெரும்பாலானவை ஸ்பெஷல் நாடகம். கம்பெனி நாடகம் என்றால் ஒரே முதலாளி, ஒரே குழு, மாசக்கணக்கில் ஒரே கொட்டகை. ஸ்பெஷல் அப்படி இல்லை. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) ஒரு ஊர், ஹார்மோனியம் வேறு ஊர், மேடையில்தான் எல்லாரும் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் ஒரே பாடம் தெரியும் என்பதால்தான் அது நடந்தது, அந்தப் பாடத்தில் பெரும்பகுதியை எழுதி வைத்துவிட்டுப் போனவர் நம் பக்கத்து ஆள், சங்கரதாஸ் சுவாமிகள். அதனால் ஒரு ஸ்பெஷல் நோட்டீஸைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு நடிகரின் பெயருக்கு முன்னாலும் ஊர்ப் பெயர் இருக்கும். பத்து நோட்டீஸை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஆட்டக்காரர்கள் போய் வந்தார்கள் என்ற வரைபடம் தானாக விரியும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மதுரை ஸ்பெஷல் நாடகக்காரர்களோடு பழகி ஆராய்ந்த சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தன் ஆய்வில் நோட்டீஸ்களைத் தனியாக எடுத்து அலசியது இதனால்தான்.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ரோஸ் காகிதம், 'வள்ளி திருமணம்', கல்லிடைக்குறிச்சியில் நடந்தது. மேலே "ஸ்பெஷல் டிராமா" என்று கொட்டை எழுத்து, இரண்டு பக்கமும் கை நீட்டும் விரல் படம். ராஜபார்ட்டுக்கு "பேசும்பட நட்சத்திரம்" என்று அடைமொழி. சேர் 1 ரூபாய், பெஞ்சு 8 அணா, தரை 4 அணா, "ஸ்திரீகளுக்குத் தனி இடம்." கீழே இரண்டு திசைக்கும் ரயில் நேரம். அதற்கும் கீழே மிகச் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர். மடிப்பில் பூச்சி தின்ற ஓட்டைகள் நாலு இடத்தில் ஒரே வடிவத்தில் இருக்கின்றன, நாலாக மடித்து வைத்திருந்தபோது ஒரே பூச்சி குடைந்து போனது. திருப்பினால் பென்சிலில் நெல் கணக்கு: இத்தனை கோட்டை, இத்தனை மரக்கால், யாருக்கோ கொடுத்தது, மிச்சம். நாடகத்துக்காக யாரும் இந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தவில்லை. பின்பக்கத்துக் கணக்குக்காகத்தான் இது இத்தனை காலம் பெட்டியில் கிடந்தது.

அந்த ரயில் நேரம் வெறும் அலங்காரம் இல்லை. திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-இல். அங்கிருந்து மேற்கே கல்லிடைக்குறிச்சி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை பாதை 1902-க்கும் 1904-க்கும் இடையில் படிப்படியாகத் திறந்தது, திருச்செந்தூர்ப் பாதை 1923. சீன், திரை, பெட்டிகள், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி அம்பாசமுத்திரத்தில் முடித்து அடுத்த வாரம் தென்காசியில் இறங்க முடிந்தது என்றால் அது தண்டவாளத்தால்தான். தூத்துக்குடி வரை போய்விட்டால் கப்பல் ஏறிக் கொழும்பு. அண்ணாச்சியிடம் கொழும்பு நோட்டீஸ்கள்கூடச் சில இருக்கின்றன, காகிதம் தடிமன், அச்சு சுத்தம்.

இப்போது தலைவலிக்கு வருவோம், வருஷம். தேதி போடுவார்கள், கிழமை போடுவார்கள், வருஷம் போட மாட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நாடகம், அதற்கு எதற்கு வருஷம்? போட்டிருந்தாலும் அந்த மூலைதான் கிழிந்திருக்கும். மேலே சொன்ன வள்ளி திருமணத்தில் "24-7" வரை இருக்கிறது, பக்கத்தில் வெள்ளிக்கிழமை. ஜூலை 24 வெள்ளிக்கிழமையாக வந்த வருஷங்கள் 1914, 1925, 1931, 1936, 1942, 1953. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் 31, ஆகவே "பேசும்பட நட்சத்திரம்" என்று போட்ட நோட்டீஸ் அதே வருஷம் ஜூலையில் வந்திருக்க முடியாது. முதல் மூன்றும் கழிந்தன. அணா, பைசா விஷயம் இங்கே உதவாது, 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் புதுப் பைசா வந்தது, மிச்சமிருக்கும் மூன்று வருஷமும் அதற்கு முன்தான். (நோட்டீஸில் "ந. பை." (நயா பைசா) என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 1957-க்கும் 1964-க்கும் நடுவில் என்று சொல்லிவிடலாம்.) 1942 யுத்தக் காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு, இத்தனை அகலமாக ஓரம் விட்டு அடித்திருப்பார்களா என்பது சந்தேகம். கடைசியில் கை கொடுப்பது அந்தச் சின்ன எழுத்து அச்சகப் பெயர். 1867-ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி அச்சடிக்கிற ஒவ்வொரு தாளிலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் போட்டாக வேண்டியிருந்தது. அதே அச்சகம் அடித்த, வருஷம் தப்பிப் பிழைத்த வேறு நோட்டீஸ்களை எடுத்து எழுத்தையும் பார்டரையும் ஒப்பிட்டால் எது எதோடு சேர்கிறது என்று தெரிந்துவிடும். நான் 1936 பக்கம் சாய்கிறேன். அண்ணாச்சி 1953 என்கிறார், "பேப்பரத் தடவிப் பாருங்க" என்பது அவர் கட்சி. இந்த வாதம் ஒரு காப்பி நேரம் ஓடியது.

வெள்ளைக்காரன் சட்டத்தால் நமக்குக் கிடைத்த இன்னொரு லாபம், அதே 1867 சட்டத்தின்படி மாகாணத்தில் அச்சான ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவு செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டார்கள். தலைப்பு, ஆசிரியர், அச்சான ஊர், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் அதில் அடக்கம். அண்ணாச்சியிடம் இந்தப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன, அட்டை கிழிந்தவை, முதல் பக்கமே இல்லாதவை. கடைசி அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். "எம்மிடம் கிடைக்கும் பிற புஸ்தகங்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் வரும் தலைப்புகளைக் காலாண்டுப் பட்டியலோடு பொருத்தினால் முதல் பக்கம் இல்லாத புத்தகத்துக்கும் ஏறத்தாழ ஒரு வயது சொல்லிவிடலாம்.

ஊர்க்கதை தேடுகிறவர்கள் மாவட்ட எல்லையை மறக்கவே கூடாது. இன்றைய எல்லையை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி இன்று தூத்துக்குடி மாவட்டம், ஆனால் தூத்துக்குடி தனி மாவட்டமானதே 1986-இல்தான், பழைய ஆவணம் எல்லாவற்றிலும் அது திருநெல்வேலி ஜில்லா. உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனுஷன், அதை விட்டு மேடைக்கு வந்து, அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி, 1922-இல் புதுச்சேரியில் காலமானார். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதினார் என்று சண்முகம் சொல்கிற கதையைப் படித்துவிட்டு இந்த மாடியில் அந்த நாடகத்தின் நோட்டீஸைப் பார்க்கிறபோது மனம் கொஞ்சம் நின்றுதான் போகும். நாடக நடிகர் விசுவநாததாஸ் பிறந்த சிவகாசி 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகிற வரை நம் ஜில்லா. செங்கோட்டையோ நேர் எதிர். இன்று தென்காசி மாவட்டம், அதற்கு முன் திருநெல்வேலி, ஆனால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமை. செங்கோட்டையில் பிறந்த பாட்டு நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் இருபத்தேழே வயதில் போய்ச் சேர்ந்தார், அவர் காலம் முழுக்கச் செங்கோட்டை சென்னை மாகாணத்தில் இல்லை. அங்கே நடந்த நாடகத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும், திருவனந்தபுரம் பக்கம் போக வேண்டும். அதேபோல் ரயில் நேரத்தில் "திருநெல்வேலி பாலம்" என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது இன்றைய ஜங்ஷன்.

கிட்டப்பா என்றதும் எல்லாரும் கேட்பது குரல். இசைத்தட்டுகள் இங்கே இருக்கின்றன, போட்டுக் காட்ட மாட்டார், ஊசி தேய்கிறதாம். நியாயம்தான். இணையத்தில் கேட்டுவிட்டு இங்கே வந்து உறையையும் நோட்டீஸையும் பாருங்கள். கே. பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்ததற்கான நோட்டீஸ்களில் யார் பெயர் மேலே, யார் எழுத்து பெரிசு என்பதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

விசுவநாததாஸ் பகுதிக்கு ஒரு தனிக் கட்டு வைத்திருக்கிறார், அது சேகரிப்பின் பெருமை என்று அவர் நினைக்கிறார். என் கணக்கில் அது ஏமாற்றம். வேலன் வேஷத்தில் வள்ளியின் தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடியவர், 'கொக்கு பறக்குதடி' பாட்டு இன்றும் நாடகக்காரர்கள் வாயில் இருக்கிறது, 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்திலேயே மேடையில் உயிர் விட்டார். இதெல்லாம் தெரிந்த கதை, கட்டில் இருப்பதும் பெரும்பாலும் பிற்காலத்துப் பத்திரிகைக் கத்தரிப்புகள். உண்மையான சரக்கு அரசாங்கத்துக் காகிதத்தில் இருக்கிறது. 1876-லேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள், எந்த நாடகம் ஆட்சேபகரமானது, எந்தப் பாட்டுக்குத் தடை என்று கோப்பு கோப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் அந்தக் கோப்புகளைத் தோண்டித்தான் மேடைக்கும் சுதந்திரப் போராட்டத்துக்கும் இருந்த தொடர்பை எழுதினார்கள். வேவு பார்க்க வந்த போலீஸ்காரன் தரையில் உட்கார்ந்து பாட்டை எழுதிக்கொண்டு போனான், இன்று நமக்கு அந்தப் பாட்டு கிடைப்பது அவன் புண்ணியம்.

யாரும் கேட்காத ஒரு கட்டு இருக்கிறது, கேளுங்கள்: கொட்டகை லைசென்ஸ் நகல்கள். பொதுமக்கள் கூடுகிற இடங்களுக்கு 1888-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும், தென்னங்கீற்றுக் கொட்டகையும் அதில் அடக்கம். நான் பார்த்த ஒரு நகலில் எத்தனை வாசல், வாசல் எந்தத் திசையில் திறக்க வேண்டும், எத்தனை மணல் வாளி, எத்தனை தண்ணீர்த் தொட்டி, சமையல் எங்கே செய்யக் கூடாது என்று வரிசையாக இருந்தது. கீற்றுக் கொட்டகை, உள்ளே கியாஸ் விளக்கு, தரை முழுக்கப் பீடி குடிக்கிற ஜனம், எப்படி விடிய விடிய உட்கார்ந்தார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. கொட்டகை எந்தத் தெருவில் இருந்தது என்று நான்கெல்லையோடு எழுதியிருப்பதால் இன்று அந்த இடத்தில் நின்று பார்க்க முடியும். ஒன்றைத் தேடிப் போனேன், செல்போன் கடையும் ஒரு ஏடிஎம்மும் இருக்கின்றன.

போட்டோக்கள் சுமார். கம்பெனி குரூப் போட்டோ நிறைய இருக்கிறது, பையன்கள் பெண் வேஷத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள், பின்னால் வரைந்த அரண்மனைப் படுதா. ஆனால் பின்பக்கத்தில் பெயர் எழுதியிருப்பது மிக அரிது. நாலைந்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூலையில் ஒரு கால் ஹார்மோனியம் நிற்கிறது, பெடல் வேலை செய்கிறது, அமுக்கினால் திட்டு விழும்.

இனி குறைகள். முதல் குறை, பெரிய குறை, லேமினேஷன். நல்ல நோட்டீஸ்களாகப் பார்த்துப் பிளாஸ்டிக் போட்டு ஒட்டிவிட்டார். சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் அமிலம் வெளியே போகவும் வழி இல்லை, மினுமினுப்பில் போட்டோவும் சரியாக விழாது. செலோடேப் போட்டு ஒட்டினவை இன்னும் மோசம், டேப் உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் பழுப்புப் பட்டையாக எழுத்தின் மேல் நிற்கிறது. சொன்னேன். "அப்போ யாரும் சொல்லலியே தம்பி, பூச்சி திங்குதேன்னு பதறிப்போயிச் செஞ்சேன்" என்றார். அவர் பாசத்தில் செய்தது என்பது புரிகிறது, கோபமும் குறையவில்லை. இப்போது புதிதாக வருவதை மட்டும் அமிலம் இல்லாத உறையில் போடுகிறார், அதற்கு அவர் கைக்காசுதான் போகிறது.

அடுத்தது பட்டியல். நீள நோட்டில் நடிகர் பெயர் வரிசையில் கையால் எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்கு ஒரு நடிகர் பெயர் தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவார், அந்த ஞாபகசக்தி அபாரம். ஆனால் "எங்க ஊரு ஆழ்வார்குறிச்சி, அங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் முழிக்கிறார், ஊர்வாரிப் பட்டியல் இல்லை. உள்ளூர் வரலாறு தேடி வருகிறவனுக்கு நடிகர் வரிசையில் அடுக்கின சேகரிப்பு, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் செருப்பைத் தேடுகிற மாதிரி. நாடகப் பெயர் வரிசைகூட இல்லை. ஆக, போகும்போது ஊர்ப் பெயரோடு அந்த ஊர்ப் பக்கம் ஆடின ஒரு நடிகர் பெயரையாவது தெரிந்துகொண்டு போங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஒரு ராஜபார்ட் பெயராவது வரும், பபூன் பெயர் நிச்சயம் வரும்.

நேரம் சரியில்லை. காலை பத்தரைக்குத் திறக்கிறார், ஒன்றுக்கு அடைக்கிறார், சாயந்திரம் மனசு இருந்தால் உண்டு. ஆனித் தேரோட்டம் சமயத்தில் போகவே வேண்டாம், தெருவுக்குள்ளேயே நுழைய முடியாது. ஒரே ஜன்னல், மேகம் போட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில்தான் படம் எடுக்க வேண்டும், நிழல் விழும். மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்கவும்.

கூத்து தேடுகிறவர்களும் இங்கே வந்து பயன் இல்லை. கணியான் கூத்து, வில்லுப்பாட்டு, தோல்பாவை எதுவும் கிடையாது, "அதுக்கு நோட்டீஸ் அடிக்க மாட்டாவல்லா" என்கிறார், அதுவும் சரிதான். சுடலைமாடன் கொடைக்கு மகுடம் அடித்து அண்ணாவி பாடுவதற்கு யார் நோட்டீஸ் போட்டார்கள், ஊரே வந்து நிற்கும். அதற்குப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறைதான் இடம், கதைப்பாடல்களுக்கு நா. வானமாமலையும் அவருடைய நெல்லை ஆய்வுக் குழுவும் சேர்த்து வைத்துவிட்டுப் போனவை இருக்கின்றன. நம் பக்கத்து மேடை வரலாறு என்றால் அந்தப் பாதியையும் சேர்த்துத்தான், ஸ்பெஷல் நாடகம் மட்டும் போதாது.

சென்னைக்குப் போக வசதி உள்ளவர்கள் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை விட்டுவிடக் கூடாது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகமும் நோட்டீஸும் அழைப்பிதழும்தான் அதன் அடித்தளம், அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் கை கொடுத்து, 1994-இல் நூலகமாக ஆயிற்று. பெரிய பெயர்கள், பெரிய கம்பெனிகள் வேண்டும் என்றால் அங்கே. ஆனால் கல்லிடைக்குறிச்சி ரோஸ் காகிதத்தின் பின்னால் யாருக்கோ எத்தனை மரக்கால் நெல் போனது என்று பார்க்க இந்த மாடிதான்.

மொத்தத்தில் 5-க்கு 3.5. லேமினேஷன் இல்லாவிட்டால் 4 கொடுத்திருப்பேன், ஊர்வாரிப் பட்டியலும் இருந்தால் நாலரை. போவதற்கு முந்தின நாள் சொல்லிவிட்டுப் போங்கள், என்ன வேண்டும் என்று சொன்னால் கட்டை எடுத்து வைத்திருப்பார். பென்சில் மட்டும் கொண்டு போங்கள், பேனா எடுத்தால் வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிடுகிறார், திரும்பக் கேட்டால்தான் தருவார். வீட்டுப் பரணில் பழைய நோட்டீஸ் ஏதாவது கிடந்தால் எடுத்துப் போங்கள், வாங்கிக்கொள்ள மாட்டார், ஸ்கேன் எடுத்துவிட்டு உங்களிடமே தந்துவிடுவார், அதற்குக் காசும் கிடையாது. ஊர்வாரிப் பட்டியல் எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். தமிழில் தெளிவாகக் கையெழுத்து இருந்தால் போதும், கம்ப்யூட்டர் தெரிந்தால் இன்னும் நல்லது. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு, சொதி வைக்கிற நாள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.